ஏழாவது ஃபில்டர்

அந்தச் சமையலறைச் சுவரில் ஏற்கெனவே ஆறு வாட்டர் ஃபில்டர்கள் மாட்டியிருந்தன. ஆறும் ஆறு கம்பெனி. ஒன்றில்கூட விளக்கு எரியவில்லை. பிளக்குகளைப் பிடுங்கி, வயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். கீழே மேடையில் விரித்த செய்தித்தாளின்மேல், அவற்றின் வயிற்றிலிருந்து எடுத்த, தண்ணீரை வடிகட்டும் கேண்டில்கள் நீளவாக்கில் அறுக்கப்பட்டு, கருவாடு மாதிரி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

பிரசன்னா தோளிலிருந்து டெமோ பையை இறக்கினான். ஆறு தடவை ஏமாந்த வீட்டுக்காரி ஏழாவது தடவை ஏமாறாமலா போவாள் என்று நினைத்துக்கொண்டான்.

எட்டு வருடமாக வீடு வீடாகப் போய் ஃபில்டர் விற்கிறான். அம்பத்தூரில் ஆபீஸ், பூந்தமல்லி முதல் ஆவடிவரை அவன் ஏரியா. தண்ணீருக்குப் பயப்படும் மனிதர்களைப்போல இளப்பமான பிறவி உலகத்தில் இல்லை என்பது அவன் கருத்து. வானகரம் ஃப்ளாட்டுகளில் ஐ.டி. புருஷன் பெண்டாட்டிகள், போனில் எதையோ பாதி படித்துவிட்டு பி.ஹெச். எவ்வளவு என்று கேட்பார்கள். எவ்வளவு சொன்னாலும் தலையாட்டுவார்கள். ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு எதிர்வீட்டில் என்ன மெஷின் இருக்கிறதோ அதைவிட உயரமாக ஒன்று வேண்டும். எல்லோருக்கும் அவனிடம் ஒரே மருந்துதான். இரண்டு கண்ணாடி டம்ளர், நாலு கம்பி வைத்த ஒரு பெட்டி. ஒரு டம்ளரில் அவர்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் அவன் மெஷின் தண்ணீர். கம்பியை விட்டு ஸ்விட்சைப் போட்டால் அவர்கள் தண்ணீர் சாக்கடையாகப் பொங்கும், அவன் தண்ணீர் அப்படியே இருக்கும். அம்மாக்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு இத்தனை நாள் இதையா கொடுத்தோம் என்று கண்கலங்கியவர்களும் உண்டு. இரும்புக் கம்பி கரைகிற நிறம் அது என்பதும், உப்பே இல்லாத தண்ணீரில் கரண்ட் ஓடாது என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் வீட்டில் கேன் தண்ணீர்தான் குடித்தார்கள்.

"உக்காருங்க தம்பி" என்றாள் ஆக்னஸ்.

அறுபது வயதிருக்கும். நைட்டிமேல் துண்டு, மூக்கில் தடித்த கண்ணாடி. புருஷன் இருதயராஜ் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்றும், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாபுதுப்பேட்டையில் இந்த மனையை வாங்கி வீடு கட்டி இரண்டு வருடம் ஆகிறது என்றும் போனிலேயே சொல்லியிருந்தாள். சுற்றிலும் பாதி மனைகள் இன்னும் காலியாக, முள்செடியும் கட்டடக் கழிவுமாகக் கிடந்தன. மத்தியானம் மூன்று மணி வெயிலில் வீட்டுக்குள் ஒரு வாசனை இருந்தது. பால் காய்ச்சி ஆறவைத்த வாசனை. அடுப்பில் பால் இல்லை.

அவன் வழக்கம்போல டம்ளர்களை நிரப்பி, கம்பியை விட்டு, ஸ்விட்சைப் போட்டான். அவள் தண்ணீர் பழுப்பாகிக் கசடு திரண்டது. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

அவள் எழுந்து உப்புச் சாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவனுடைய டம்ளரில் போட்டாள். விரலாலேயே கலக்கினாள். "இப்பப் போடுங்க."

அவன் போடவில்லை. அவளே போட்டாள். அவனுடைய தண்ணீரும் சாக்கடையாயிற்று.

"இருபத்தாறு வருஷம் ஸ்கூல் லேப்ல இருந்தேன் தம்பி. இத எட்டாங்கிளாஸ் பிள்ளைங்ககிட்ட காட்டுங்க." அவள் குரலில் கோபம் இல்லை. மூக்கு ஒழுகும் பையனிடம் பேசுகிற குரல். "உங்க பெட்டி உப்பத்தான் காட்டும். எனக்கு உப்பப் பத்திக் கவலையில்ல. ஹார்மோனக் குழப்புற மருந்துக்கழிவு, பிளாஸ்டிக்லேர்ந்து எறங்குறது, அதெல்லாம் போகணும். உங்க மெஷின்ல அழுத்திச் செஞ்ச கார்பன் கட்டியா, சும்மா கரித்தூளா? அதுக்கப்புறம் மெம்பிரேன் எவ்வளவு பிடிக்கும்? அவ்வளவும் செஞ்சிட்டு தண்ணிய எதுக்குப் பிளாஸ்டிக் டேங்க்ல சேத்து வைக்கிறீங்க?"

அவனுக்குக் காது சூடானது. ஹார்மோன் என்ற சொல்லை அவன் மனைவி சௌம்யாவின் தைராய்டு மாத்திரைச் சீட்டில்தான் பார்த்திருக்கிறான்.

"எல்லாத்தையும் எடுத்துரும் மேடம். தொண்ணூத்தொம்போது புள்ளி ஒம்போது."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

ஆக்னஸ் உப்புச் சாடியை மூடினாள். "ஹார்மோன்னா உடம்புக்கு உத்தரவு தம்பி. வளருன்னா வளரும், நில்லுன்னா நிக்கும். வெளியிலேர்ந்து ஒண்ணு உள்ள போயி, அதே குரல்ல உத்தரவு போட்டா, உடம்புக்கு யார் சொன்னாங்கன்னு தெரியாது. செஞ்சிரும்."

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கருங்கல்லில் கருங்கல்லைத் தேய்ப்பதுபோல் மெதுவாக, ஈரமாக. மூடிய கதவு, வெளியே தாழ்.

"அவருதான். மத்தியானத்துல தூங்குவாரு. பல்லக் கடிப்பாரு" என்றாள். பிறகு, "நீங்க குடிப்பீங்களா?"

"என்னது?"

"உங்க மெஷின் வடிகட்டின தண்ணிய. மாசாமாசம் வந்து ஒரு சொம்பு குடிங்க. மூணு மாசம். அதுக்குச் சம்மதம்னா வாங்கிக்கிறேன்."

இவ்வளவுதானா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாளே அவனே வந்து ஏழாவது மெஷினை மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. அவள் சொம்பை நீட்டினாள். அவன் அண்ணாந்து, அவள் பார்க்கவேண்டும் என்பதற்காகவே, ஒரே மூச்சில் குடித்தான். தித்திப்பாக, லேசாகக் கொழகொழப்பாக இருந்தது. அடித்தொண்டையில் அந்தப் பால்வாசனை.

வண்டியை எடுப்பதற்கு முன் ஆபீஸ் நண்பன் அஸ்வினுக்குப் போன் போட்டான்.

"மச்சான், இங்க ஒரு கெய்வி கீது. சொவுரு ஃபுல்லா மெஷின மாட்டிக்கினு இன்னொண்ணு வாங்கிச்சு. தண்ணி குட்ச்சி காட்டணுமாம். செம லூசு."

"நீ குட்ச்சியா?"

"குட்ச்சேன். கம்பெனி பேரு கீதுல்ல."

இருவரும் சிரித்தார்கள்.

இரண்டாம் மாதம் போனபோது அவள் அவனை உள்ளறைப் பக்கம் கூட்டிப்போய், கதவுநிலையில் முதுகு ஒட்டி நிற்கச் சொன்னாள். தலைக்கு மேல் ஸ்கேல் வைத்து பென்சிலால் கோடு போட்டாள். கிழவிக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டே நின்றான். நகர்ந்து திரும்பியபோது நிலை முழுவதும் கோடுகள் இருப்பதைப் பார்த்தான். பேரப்பிள்ளைகள் உயரம் அளந்தது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கீழே, பிள்ளைகள் உயரத்தில், ஒரு கோடும் இல்லை. எல்லாம் அவன் தோளுக்கு மேலே தொடங்கின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் தேதி. எல்லாம் இரண்டு வருடத்துக்குள். கடைசிக் கோடுகள் நிலையில் இடம் போதாமல் சுவருக்கு ஏறி, கூரையை நோக்கிப் போயிருந்தன.

"யாருதும்மா இது?"

"சொம்பு இந்தாங்க" என்றாள்.

குடித்தான். கதவுக்குப் பின்னால் அரைக்கும் சத்தம் நின்றது. அவன் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தத்தை அது கேட்டுக்கொண்டிருந்ததாகத் தோன்றியது. அவன் சொம்பைக் கீழே வைத்ததும் மறுபடி தொடங்கியது.

அதற்குப் பிறகு வீட்டுக் கேன் தண்ணீர் அவனுக்குச் சாம்பலைக் கரைத்ததுபோல் இருந்தது. கம்பெனி மாற்றச் சொல்லி சௌம்யாவிடம் எரிந்து விழுந்தான். தெருவில் நின்று இளநீர், மோர், சோடா எதைக் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் பூந்தமல்லியில் டெமோ முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவன், பாதி வழியில் வண்டி முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தான். சர்வீஸ் செக்கப் என்றான் அவளிடம். அவள் ஒன்றும் கேட்காமல் சொம்பைக் கொடுத்தாள். அந்த மாதம் மட்டும் நாலு தடவை சர்வீஸ் செக்கப்.

ஷூ கடித்தது. மழையில் நனைந்து சுருங்கிய மட்டமான ரெக்ஸின் என்று வேறு வாங்கினான். அதுவும் கடித்தது. கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது.

"இன்னாங்க, பேண்ட்டு கணுக்காலுக்கு மேல ஏறிக்கினு கீது?" என்றாள் சௌம்யா.

"தள்ளுபடியில துணி எடுத்தா ஏறாம இன்னா பண்ணும்?"

பிறகு ஈறு வலித்தது. கடைவாய்க்கும் பின்னால், பல்லுக்கு வேலையே இல்லாத இடத்தில், ஒன்று கூர்மையாக முளைத்து நாக்கைக் கிழித்தது. ஆவடியில் ஒரு பல் டாக்டரிடம் போனான். சின்னப் பையன் மாதிரி இருந்த டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"உங்க வயசு என்ன சொன்னீங்க?"

"முப்பத்தஞ்சு."

"கீழ இன்னொரு வரிசை இருக்கு சார். முழு வரிசை. அதுக்கும் கீழ..." டாக்டர் படத்தைத் திருப்பிப் பிடித்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். உடனே போங்க."

பிரசன்னா அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்தான். வெள்ளையாக, நெருக்கமாக, மக்காச்சோளக் கதிர்போல ஏதோ இருந்தது. அவனுக்கு இந்த வித்தை தெரியும். அவன் கம்பியைக் காட்டுகிறான், இந்த டாக்டர் நிழலைக் காட்டுகிறான். யாரிடம் யார் வியாபாரம் செய்வது. சீட்டைக் கசக்கி கிளினிக் வாசலிலேயே போட்டான். வண்டியில் ஏறியபோது முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது.

எட்டு வருடமாக அதே வண்டி. ஒருநாளும் இடித்ததில்லை.

அன்றே போனான். மத்தியானம் மூன்றரை. அந்தப் பக்கம் முழுக்க கரண்ட் இல்லை. எங்கேயும் ஒரு ஃபேன், ஒரு மோட்டார் சத்தம் இல்லை. காலி மனைகளில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. ஆக்னஸின் கதவு திறந்தே இருந்தது. பால்வாசனை வாசல்வரை வந்திருந்தது. குமட்டவேண்டிய வாசனை, வாயில் எச்சில் ஊறியது.

அவனைப் பார்த்ததும் அவள் ஸ்கேலை எடுத்தாள். அவன் ஏன் போய் நிலையில் முதுகை ஒட்டி நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் நடுவில் நாலு விரல்கடை இருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தாள். அவள் முகத்தில் இருந்தது வருத்தம். அவனுக்கான வருத்தம் இல்லை.

"இதுவும் எடுக்கல" என்றாள், தனக்குத்தானே.

"இன்னாது எடுக்கல?" கம்பெனித் தமிழ் அவனைவிட்டுப் போயிருந்தது. "இன்னா தண்ணிம்மா இது? இன்னாத்த குடுத்துகினு கீற எனக்கு?"

"உங்க மெஷின் தண்ணிதான் தம்பி. நீங்கதான எல்லாத்தையும் எடுத்துரும்னீங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். இந்த மனையில் முன்பு ஒரு பழைய கிணறு இருந்தது. வருடக்கணக்கில் யாருடைய லாரிகளோ வந்து, மூட்டை மூட்டையாக மாத்திரைக் கழிவைக் கொட்டி, மேலே செங்கல் கழிவைப் போட்டு மூடிவிட்டுப் போயின. பக்கத்தில் ஆடு மேய்த்த ஒருவர் போர்வெல் போடும் அன்றைக்கே சொன்னார். இருதயராஜ் அவரைக் கேலி செய்து அனுப்பினார். தண்ணியைப் பார்த்துப் பயப்படுகிறவன் தாகத்தில்தான் சாவான் என்றாராம்.

"அவரு அந்தத் தண்ணியத்தான் குடிப்பாரு. நான் கேன். முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. முட்டிவலி போச்சு. முடி கறுத்துச்சு. புதுப் பல்லு வந்தப்ப தெருவெல்லாம் காட்டிட்டு வந்தாரு. அப்புறம் நிக்கல."

"டாக்டராண்ட போறதுதான?"

"போனோம். மொதத் தடவ, வயசுக்கு நல்லா இருக்கீங்கன்னு அனுப்பிட்டாரு. ரெண்டாவது தடவ அவர வண்டில ஏத்த முடியல." அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "வேற தண்ணி குடுத்தா துப்பிடுறாரு. ரெண்டு நாள் குடுக்காமப் பாத்தேன், சுவத்த நக்குனாரு. இந்தத் தண்ணி வேணும், அதுல இருக்கிறது வேண்டாம். அதுக்குத்தான் ஃபில்டர். லேப்ல கேட்டா, என்ன மருந்துன்னு பேர் சொல்லுங்க, அது இருக்கான்னு பாத்துச் சொல்றோம்ங்கிறாங்க. பேர் தெரிஞ்சா நான் ஏன் போறேன்? ஒரு மெஷின் அத எடுக்குதா இல்லையான்னு எனக்கு வேற எப்படித் தெரியும் தம்பி?"

அவன் நிலையிலிருந்து விலகினான். இந்தக் கிழவியை, இந்த வீட்டை, போலீஸில், பேப்பரில், எங்கே இழுத்துவிட வேண்டுமோ அங்கே இழுத்துவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். வாய் அவன் நினைத்ததைவிடப் பெரிதாகத் திறந்தது. தாடைக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி அமர்ந்தது. சொல் வரவில்லை. ஒரு அரைபடும் சத்தம்.

அவனிடமிருந்து.

உள்ளறையிலிருந்து அதற்குப் பதில் வந்தது.

ஆக்னஸ் தலையை நிமிர்த்தவில்லை. "உங்களுக்கு முன்னாடி வந்தவங்கள்ல நிறையப் பேர் ஒரு சொம்பு குடிச்சிட்டு வரவேயில்ல. அவங்க புத்திசாலிங்க" என்றாள். "தாழ் வெளியிலதான் இருக்கு. பாக்கணும்னா பாருங்க. போகணும்னா வாசல் அந்தப் பக்கம்."

வாசல் வெளிச்சமாக இருந்தது. அவனுடைய வண்டி தெரிந்தது. சாவி சட்டைப்பையில். பத்து எட்டு வைத்தால் போதும். கால்களுக்கு உத்தரவு போட்டான்.

கால்கள் திரும்பின.

தாழ்ப்பாள் சூடாக இருந்தது. கதவு உள்பக்கம் எதிலோ இடித்து, பிறகு அது விலகிக்கொள்ள, திறந்தது.

ஜன்னல்களில் பழைய காலண்டர் தாள்கள் ஒட்டியிருந்தன. அவற்றின் வழியாக மஞ்சளான ஒரு வெளிச்சம். முதலில் அவன் பார்த்தது ஒரு உள்ளங்கால். கதவருகே. வெடிப்பு இல்லாத, நடந்தே அறியாத, பச்சைக்குழந்தையின் ரோஜாநிற உள்ளங்கால். அவன் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை நீளம். அதற்குப் பின்னால் கால் போனது. போய்க்கொண்டே இருந்தது. சுவரோரமாக வளைந்து, மூலையில் மடங்கி, அடுத்த சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒரு இடத்தில் வேட்டி. ஒரு இடத்தில் நெஞ்சு, ஏறி இறங்கியது. கடைசியில், மறுபடி கதவுக்குப் பக்கத்திலேயே, தரையில் சாய்த்து வைத்த முகம். கறுகறுவென்று முடி. சுருக்கமே இல்லாத முகம். அது சிரித்தது. வரிசை. அதற்குப் பின்னால் வரிசை.

அவர் மட்டும் இல்லை.

அந்த உடம்பின் வளைவுக்குள், மடியில் படுத்ததுபோல், இன்னொருவன். இவ்வளவு நீளம் இல்லை. இன்னும் இல்லை. நீலச் சட்டை தோள்களில் பிளந்து தொங்கியது. கழுத்தில் அடையாள அட்டையின் பட்டை சதைக்குள் புதைந்திருந்தது. அட்டையில் வேறொரு ஃபில்டர் கம்பெனியின் பெயர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, டை கட்டிய ஒரு இளைஞன்.

இருவரும் பிடிக்கவரவில்லை. ஈரமான, பெரிய, சாந்தமான கண்களால் அவனை அடையாளம் தெரிந்ததுபோல் பார்த்தார்கள். பல் அரைக்கும் சத்தம் நின்றது.

பிறகு, ஆவடி லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்கார்ந்த சீட்டில் நாலாவது ஆள் வந்து நிற்கும்போது செய்வதுபோல், முதலில் அவரும், அப்புறம் அவனும், இடுப்பைத் தூக்கி, மூச்சை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்படுத்தார்கள்.

நடுவில் தரை தெரிந்தது. ஒரு ஆள் படுக்கிற அளவு.